கவிழ்த்து வைத்த குடுக்கை

விடிந்து, வாய்க்காலில் காய்கறித் தோணிகள் போகத் தொடங்கி, அக்கம்பக்கத்து அம்மிச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, சோளக் குதிருக்குப் பின்னாலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மாத்லா பாயில் கிடந்தபடியே அதைக் கேட்டான். மனைவி ஷோகோவாக இருக்க முடியாது. அவள் படித்துறையில் ஊறவைத்த சோளத்தை அலசிக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. நாயாக இருக்குமோ என்று பார்த்தால், ரோமமில்லாத அந்தக் கறுப்பு நாய் வாசலில் உட்கார்ந்து, காதை விறைத்துக்கொண்டு, குதிர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒரு உறிஞ்சல். அழுது ஓய்ந்தவன் எடுக்கும் அந்த ஈரமான, நீளமான மூச்சு.

எழுந்து போய்ப் பார்த்தான். குதிருக்கும் மண்சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில், நான்கு நாட்களுக்கு முன் அவனே கவிழ்த்து வைத்த அவனுடைய சுரைக் குடுக்கை மட்டும் இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தரை நனைந்திருந்தது. இரவு மழை இல்லை. கூரையில் ஒழுக்கு இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். சந்தையில் வளர்ந்தவனுக்கு எதையும் ருசி பார்க்காமல் நம்பும் பழக்கம் கிடையாது.

உப்புக் கரித்தது.

அந்தக் குடுக்கையைக் கவிழ்த்ததற்குக் காரணம் ஆயோ. 

த்லாத்தெலோல்கோ நகரத்தில் கள் வாடையோடு பிடிபடும் இளசுகளைச் சந்தை நடுவில் நிறுத்தித் தடியால் அடித்தே கொன்றுவிடுவார்கள். ஆனால் தன் ஆயுளில் ஐம்பத்திரண்டு வருஷத்தையும் ஒரு கட்டாகக் கட்டி முடித்தவன் எவ்வளவு குடித்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த வயதுக்காக மாத்லா, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பையனைப் போலக் காத்திருந்தான். கள்ளுக்காக அல்ல. முயலுக்காக.

கள் சுரக்கும் கற்றாழைத் தாய் மாயாவெலுக்கு நானூறு முலைகள். அவற்றில் பால் குடித்து வளர்ந்தவை நானூறு முயல்கள். குடிக்கிற மனிதனுக்குள் அவற்றில் ஒன்று ஏறிக்கொள்ளும். எது ஏறும் என்பது அவன் கையில் இல்லை. ஒருவன் முயல் தூங்கும், ஒருவன் முயல் சண்டைக்கு இழுக்கும். குடித்தவன் பேட்டைத் தலைவரின் தாயைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டால்கூட, தலைவர் அதை மென்று விழுங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். பேசியது அவனல்ல. "அவன் முயல் அப்படி" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் முயலுக்குக் கேட்டுவிடும்.

ஆயோவின் முயல் பாடியது.

ஆயோ எதிர்வாய்க்காலில் இருந்த உப்பு வியாபாரி. மாத்லாவைவிட இரண்டு மாதம் மூத்தவன், மனைவி இல்லாதவன். சண்டையில் கவண்கல் பட்டு முன்பல் ஒன்று போனவன். இரண்டாவது குடுக்கையில் அவன் கண் இடுங்கும். மூன்றாவதில் அந்தப் பல்லிடுக்கு வழியே ஒரு சீழ்க்கை கிளம்பும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பாட்டு வரும். மாவுக் கையோடு பெண்கள் படியில் வந்து நிற்பார்கள். ஷோகோவும் வந்து நின்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் மாத்லா ஒரு தடவைகூட அந்தத் தோளை அப்படிக் குலுங்கவைத்ததில்லை.

மாத்லாவின் முயல் அழுதது.

அந்த வயது வந்து சில வருஷம் ஆயிற்று. முதல் நாள், முதல் குடுக்கை, பேட்டையே பார்த்துக்கொண்டிருக்க, இருபது வருஷத்துக்கு முன் செத்துப்போன அப்பாவின் நாய்க்காக அழுதான். அடுத்த தடவை ஒரு வாத்துக்காக. மூன்றாம் தடவை எதற்கென்றே தெரியவில்லை, ஆனால் வெகுநேரம். ஒவ்வொரு தடவையும் ஷோகோ அவனைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, தலையை மடியில் போட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டாள். அவனைப் பார்த்தால் மூக்கைத் துடைக்கிறாள், ஆயோவைப் பார்த்தால் சிரிக்கிறாள். மாத்லா இதை எந்தத் தராசில் வைத்துப் பார்த்தாலும் தன் பக்கத் தட்டுதான் மேலே போயிற்று.

மாத்லாவின் தொழில் சுரைக் குடுக்கை. அறுத்து, காயவைத்து, விதையெண்ணெயும் செம்மண்ணும் பூசி மெருகேற்றி விற்பான். பேட்டைக் கிழவர்கள் எல்லாருக்கும் அவன் செய்து கொடுத்த குடுக்கைதான். அடுப்போரம் நான்கு திசைக்கும் முயலின் பங்கை ஊற்றினால், தன் ஆளின் குடுக்கையை மோந்து பார்த்துத்தான் முயல் வரும். அதனால் ஒருவன் குடுக்கையில் மற்றவன் குடிப்பதில்லை. ஆள் செத்தால் குடுக்கையை உடைத்துவிடுவார்கள். முயல் தாயிடம் திரும்பிப் போய்விடும். ஐந்தாவது குடுக்கையை யாரும் குடிப்பதில்லை. நாலு மனிதனுக்கு, ஐந்தாவது முயலுக்கு. ஐந்தாவதைக் குடித்த முயல் வந்த இடத்தை விட்டுப் போகாது.

ஐந்து நாட்களுக்கு முன், ஆமை வரைந்த தன் குடுக்கையோடு ஆயோ கடைக்கு வந்தான்.

"மச்சான், நூல் கனத்துக்கு ஒரு விரிசல். ரெண்டு தையல் போட்டுக் குடு."

"புதுசு ஒண்ணு எடுத்துக்கயேன். கடை நிறையத்தான் கிடக்கு."

"புதுசு எடுத்தா என் முயலு உன் கடை வாசல்ல வந்து பேரம் பேசிக்கிட்டு நிக்கும்டா. அதுக்குப் பழகின வாசல்தான் வேணும். பத்திரம். உள்ள மோந்து கீந்து பாத்துடாத, அழுமூஞ்சி ஒட்டிக்கும்."

சொல்லிவிட்டு, பல்லிடுக்கில் சீழ்க்கை அடித்துக்கொண்டு போய்விட்டான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

மாத்லா அன்றைக்கு முழுதும் உட்கார்ந்து அதே வளைவில் ஒரு சுரையைத் தேர்ந்து, அதே ஆமையை வரைந்து, அதே இடத்தில் விரிசல் விழவைத்து, அதே விரிசலுக்குக் கற்றாழை நாரில் இரண்டு தையல் போட்டான். அவன் கையில் அதுவரை உருவான வேலைகளில் அதுதான் உசத்தி. யாரிடமும் காட்டிப் பீற்றிக்கொள்ள முடியாததும் அதுதான். மறுநாள் போலி ஆயோவிடம் போயிற்று. அசல் மாத்லா வீட்டுக் கூடைக்குள் போயிற்று. அடைத்த கதவைப் பார்த்த வாடிக்கைக்காரனைப் போல, அழுகிற முயலும் வேறு இடம் தேடிப் போய்விடும் என்ற நினைப்பில், தன் சொந்தக் குடுக்கையைக் குதிருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தான்.

நேற்றுப் பேட்டைத் தலைவர் வீட்டில் பேரனுக்குப் பெயர் வைக்கிற விருந்து. புறப்படுமுன் மாத்லா தனியாக அடுப்போரம் உட்கார்ந்து, ஆயோவின் குடுக்கையிலிருந்து நான்கு திசைக்கும் ஊற்றினான். கள் சாம்பலில் விழவில்லை. விழுவதற்கு முன்பே, காற்றிலேயே, ஏதோ ஒரு சிறிய நாக்கு அதை நக்கி எடுத்துக்கொண்டது. பிறகு அவன் பிடரியில் வெதுவெதுப்பாக, கனமே இல்லாமல், இரண்டு பாதங்கள் ஊன்றின.

விருந்தில் அவன் பாடினான். கிழவர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஆயோ நாலு குடுக்கையை முடித்துவிட்டு, கல்லுப் போல, வாயை லேசாகத் திறந்துகொண்டு, வராத ஒன்றுக்காகக் காத்திருந்தான். ஷோகோவின் தோள் குலுங்கியது. மாத்லா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் அதற்கு முந்தின கணத்தையும் பார்த்துவிட்டான். பாட்டு கிளம்பியதும் அவள் தலை திரும்பியது ஆயோ பக்கம். அவன் வாய் அசையவில்லை என்று கண்ட பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள்.

இப்போது குதிருக்குப் பின்னால் நின்று விரலில் இருந்த உப்பைத் துடைத்துக்கொண்டபோது, அவனை உறுத்தியது அந்த ஈரம் அல்ல. அந்தத் திரும்பல்தான்.

மதியம் ஆயோ கடைக்கு வந்தான். குளித்து, தலை முடிந்து, தெளிவாக இருந்தான். அந்தத் தெளிவு அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை.

"மச்சான், தையல்ல ஏதாவது பிசின் கிசின் வச்சியா?"

"ரெண்டே தையல்தான். ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல. வரல." ஆயோ தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். காலிப் பானையைத் தட்டுகிற சத்தம் வரும் என்று மாத்லா எதிர்பார்த்தான். "காலையில வீட்ல தனியா ஒக்காந்து நாலு குடிச்சேன். தண்ணி மாதிரி எறங்குது. உள்ள ஆளே இல்லடா. வீடு காலி பண்ணிட்டுப் போன மாதிரி."

"வயசாச்சு. முயலுக்கும் அலுத்திருக்கும்."

"இருக்கும்." ஆயோ எழுந்தான். போகிறபோது நின்றான். "நேத்து நல்லாப் பாடின. பல்லெல்லாம் முழுசா வச்சுக்கிட்டு அந்தச் சீழ்க்கையை எப்படிடா கொண்டுவந்த?"

 மாத்லாவின் நாக்கு தானாக முன்பல்லைத் தேடிப் போயிற்று. பல் ஆடியது.

மறுநாள் அழுகை வார்த்தையாகிவிட்டது. தேய்ந்த, குழறலான வார்த்தைகள். சாயங்காலம் அவன் கடை கட்டிவிட்டு வந்தபோது, ஷோகோ குதிரின் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவள் கையில் கள் மொந்தை இருந்தது.

"என்ன பண்ற அங்க?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"எது?"

"நடிக்காதீங்க. ரெண்டு நாளா அழுவுது."

"எலி."

"எலி உங்க அப்பாவோட நாய் பேரைச் சொல்லி அழுவுமா?"

மாத்லா எட்டிப் பார்த்தான். குடுக்கை நிமிர்ந்திருந்தது. அடியில் ஒரு வாய்க் கள் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் மேலிருந்த நுரை மெல்லச் சுழன்றது. அவன் பார்க்கப் பார்க்க அதுவும் குறைந்தது.

"தாகம் பாவம். தொண்டை கட்டிப்போச்சு அதுக்கு," என்றாள் ஷோகோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற குரலில். "ஊத்தினதும் கொஞ்சம் அடங்கிச்சு."

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். அவள் குரலில் இருந்த அந்தக் குழைவை அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அது யாருக்கு என்று யோசித்தான். மூலைக்கு. அவன் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மூலைக்கு.

மூன்றாம் நாள் காலை ஆயோவை வாய்க்காலில் கண்டெடுத்தார்கள். முந்தின நாள் முழுதும் அவன் ஐந்து, ஆறு, பத்து என்று குடித்துக்கொண்டே இருந்தானாம். ஒரு துளி மயக்கம் இல்லாமல், நேராக நடந்து, படித்துறையில் இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தானாம். வயிறு உப்பி, உதடு வெளுத்து, விரலெல்லாம் பாசி சுற்றிக் கிடந்தான். வாய் திறந்திருந்தது. பல்லிடுக்கில் தண்ணீர் நின்றது.

"அவன் முயல் தள்ளிவிட்டிருச்சு," என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள். அவனோடு முயலே இல்லை என்பது கூட்டத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தண்ணீரில் போனவனை எரிப்பதில்லை. மழைக் கடவுளின் பூசாரிகள் வந்து புதைக்க எடுத்துப்போனார்கள். குடுக்கையை உடைப்பது அதைச் செய்தவனின் கடமை என்று மாத்லாவைக் கூப்பிட்டார்கள். ஆமை வரைந்த குடுக்கையைக் கல்லில் வைத்து மிதித்தான். அது பளிச்சென்று உடைந்தது. புதுச் சுரையின் சத்தம். வருஷக்கணக்கில் கள் ஊறிய குடுக்கை அப்படி உடையாது, மொத்தென்று பிளக்கும். யாராவது கவனித்தார்களா என்று நிமிர்ந்து பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. பிடரியில் இருந்த பாதங்கள் மட்டும் ஒருமுறை பிடியை மாற்றிக்கொண்டன.

அன்றைக்கு அவன் ஒரு துளியும் குடித்திருக்கவில்லை.

குடிக்காமலேயே அது அங்கே இருந்தது. அசல் குடுக்கை உடையாததால் தாயிடம் திரும்பிப் போக வாசல் இல்லாதது. வீடு வரும் வழியெல்லாம் அவன் சீழ்க்கை அடித்துக்கொண்டு வந்தான். எதிர்வீட்டுக்காரன் முகம் சுளித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறவன். உதட்டைக் கடித்து அடக்கினான். முன்பல் உதட்டுக்குள் மடங்கியது.

வீட்டில் ஷோகோ இரண்டாவது குடுக்கையை ஊற்றிவிட்டிருந்தாள்.

நான்காம் நாள் மூன்றாவது. குதிருக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் கூடுதலாகக் குவிந்திருந்தது. நாய் அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டது. மாத்லா கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிடைத்த ஆள் போதும் என்கிற மாதிரி மறுபடியும் முகவாயைத் தரையில் வைத்துக்கொண்டது. ஷோகோ சோளக் கொழுக்கட்டையைப் பிரித்து, பாதியைத் தட்டில் வைத்து, அங்கே நகர்த்தினாள். பேசிக்கொண்டே நகர்த்தினாள். சந்தையில் மிளகாய் எப்படி இருந்தது, மகள் சொல்லியனுப்பியது என்ன, முழங்கால் வலி எந்தக் காலில். அவனிடம் அவள் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று? அவன்தான் கேட்கவில்லையா?

ஐந்தாம் நாள் பொறுக்க முடியவில்லை.

"அது என்னோட குடுக்கை, ஷோகோ."

"உங்களோடதுதான். நீங்கதானே வேணாம்னு கவுத்து வச்சீங்க."

"நான் பாடறேனே. உனக்குப் பிடிக்கலையா? ஆயோவவிட நல்லாப் பாடறேன்."

அவள் அம்மியில் கையை நிறுத்தினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். புதிதாகச் சந்தைக்கு வந்த சரக்கைப் பார்ப்பது போல.

"ஆயோ பாட்டைக் கேக்கணும்னு தோணினப்ப ஆயோ வீட்டு முற்றத்துக்குப் போனேன். சிரிச்சேன். சிரிச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குள்ள எனக்கு ஆயோ எதுக்குங்க?"

"அப்ப அந்த அழுமூஞ்சி..."

"அந்த அழுமூஞ்சிக்காகத்தானே முப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். குடிச்சாத்தான் அழுவீங்க, அப்பத்தான் மடியில தலை வைப்பீங்க. மத்த நாளெல்லாம் உங்களுக்குக் கடை." அவள் மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள். "அது ஒரு நாளும் என்னை அந்நியமாப் பாத்ததில்ல."

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வாயைத் திறந்தான். ஒரு பாட்டின் முதல் அடி வந்தது. கையால் வாயைப் பொத்தினான். விரல்களுக்கு நடுவே சீழ்க்கை கசிந்தது.

ஷோகோ சிரிக்கவில்லை.

"எத்தனை ஊத்தியிருக்க?" என்று அவன் கேட்டான், ஒவ்வொரு வார்த்தையாக, மெட்டு ஒட்டாமல் பிடுங்கி எடுத்து.

"இன்னிக்கோட நாலு."

"நாளைக்கு ஊத்தாதே. அஞ்சு ஆகாது. தெரியும்ல?"

"சரி," என்றாள். அவள் கண் குதிரின் பக்கம் இருந்தது.

அன்று சாயங்காலம், அவள் படித்துறைக்குப் போன நேரம் பார்த்து, ஆயோவின் அசல் குடுக்கையைக் கூடையிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டான். வெகுநேரம் பிடிக்கவே இல்லை. பிறகு, பழைய கள் ஊறிய ஓடு உப்பி, ஆமையின் முதுகு வெடித்து, புளித்த புகை வீட்டை நிறைத்தது. முயல் பிடரியை விட்டு இறங்கும் என்று காத்திருந்தான். இறங்கவில்லை. வாசல் எரிகிற வீட்டுக்குள் இருப்பது எங்கே போகும்? இன்னும் உள்ளேதான் போகும். பாதங்கள் பிடரியிலிருந்து தொண்டைக்குள் இறங்கி, விலாவுக்குள் சுருண்டு, தனக்கு இடம் பண்ணிக்கொள்வதை அவன் எலும்பு எலும்பாக உணர்ந்தான்.

குதிருக்குப் பின்னால் அழுகை நின்றிருந்தது. யாரோ நிதானமாக மூச்சுவிட்டார்கள்.

ஆறாம் நாள் அவன் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். காவல் காத்திருக்க வேண்டும். ஆனால் அன்று பெருஞ்சந்தை, வியாபாரியின் கால் விடிந்ததும் அந்தப் பக்கம்தான் போகும். குடுக்கைகளைப் பாயில் பரப்பி உட்கார்ந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டிலேயே விலை சொன்னான். வேறு மாதிரி சொல்ல வரவில்லை. சிரித்தார்கள். நின்று கேட்டார்கள். வியாபாரம் அமோகம்.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. தலையில் கூடையோடு ஒரு பெண் வந்து அவன் முன்னால் குனிந்தாள். எதிரே முப்பது குடுக்கைகள் பளபளத்தன.

"உப்பு எப்படிண்ணே?" என்றாள்.

"என்ன?"

"உப்புக் கட்டிண்ணே. போன தடவை நல்லாக் குடுத்தீங்களே."

அவன் எழுந்தான். குடுக்கைகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தான். பிறகு ஓடினான். மழை பிடித்துக்கொண்டது. பாலத்தில் எதிரே வந்த கிழவர் ஒருவர் அவனைக் கண்டதும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவனுக்குத் தெரிந்தவர்தான். வாய் பிளந்து நின்றார். மாத்லா பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தான். பாட்டு வந்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வயிறு கனத்தது. ஓட முடியவில்லை. உள்ளே தண்ணீர் தளும்பியது.

வீட்டு வாசலில் நாணல் படல் சாத்தியிருந்தது. பகல்தான். மழையில் மங்கிய பகல். படலின் இடுக்கு வழியே அடுப்புத் தீ தெரிந்தது. கள் வாடை. காலி மொந்தை கவிழ்ந்து கிடந்தது.

ஐந்து.

ஷோகோ அடுப்பின் முன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு ஆணின் தலை. மாத்லாவின் வேட்டி. மாத்லாவின் முழங்கால் தழும்பு. நாய் அந்தக் காலடியில் சுருண்டிருந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே ஏதோ சொன்னாள். மடியில் கிடந்தவன் என்னவோ பதில் சொன்னான்.

அவள் சிரித்தாள். தோள் குலுங்க.

மாத்லா படலைப் பிடித்து உலுக்கினான். ஷோகோ, நான்தான், நான்தான் என்று கத்தினான். வெளியே வந்தது பாட்டு. மூன்றாவது குடுக்கையில் ஆயோ எடுக்கும் பாட்டு. நாய் எழுந்து பல்லைக் காட்டி உறுமியது.

ஷோகோ திரும்பிப் பார்த்தாள். இடுக்கு வழியே அவன் கண்ணுக்குள் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் அவள் கத்தவில்லை. அடுப்புச் சாம்பலை ஒரு கை அள்ளி, வாசற்படி நெடுகக் கோடு போல இட்டாள்.

"போயிருப்பா, ஆயோ," என்றாள் மெல்ல. "நல்லாத்தான் பாடின. இப்ப இது உன் வீடு இல்ல."

அவன் தன் கையைப் பார்த்தான். உப்பி வெளுத்திருந்தது. நகக்கண்ணில் பச்சைப் பாசி. முன்பல்லைத் தேடி நாக்குப் போயிற்று. அங்கே இடம்தான் இருந்தது.

பாட்டு நிற்கவில்லை.

ஷோகோ பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் கிடந்தவன் அவள் இடுப்பை இரு கையாலும் சுற்றிக்கொண்டு, மெதுவாகத் தலையைத் தூக்கினான். மாத்லாவின் முகம். அழுது வீங்கிய கண். மூக்கு நுனியில் ஒரு சொட்டு. அந்த முகம் அவள் தோளுக்கு மேலாக, வாசலில் மழையில் நின்று பாடுகிறவனைப் பார்த்தது. இத்தனை வருஷமும் எதிர்வாய்க்கால் முற்றத்தில் மாத்லா எந்தக் கண்ணால் ஆயோவைப் பார்த்தானோ, அதே கண்ணால். பிறகு அவளை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.